வேலூர் வெயிலுக்குப் புங்க மரம் வளர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நிழலுக்கு மரம் வைக்க வேண்டும் என்று சித்திரை வெயிலில்தான் எல்லோருக்கும் தோன்றும். உடனே நர்சரிக்குப் போய்க் கன்று வாங்கி வருவார்கள். வீட்டுக்கு வந்தபின் இடம் தேடுவார்கள். கடைசியாக, கன்று வாடத் தொடங்கும்போது, கடப்பாரையை எடுத்து முக்கால் அடி தோண்டுவார்கள். அடுத்த சித்திரையில் அந்த இடத்தில் ஒரு காய்ந்த குச்சி நிற்கும்.

காட்பாடி பக்கம் சில தெருக்களிலும் ஒரு பள்ளி வளாகத்திலும் நண்பர்களோடு சேர்ந்து கன்று வைத்து, பாதிக்கு மேல் பறிகொடுத்து, மறுபடி வைத்து வளர்த்த அனுபவத்தில் எழுதுகிறேன். செத்த கன்றுகளில் நோயால் செத்தது ஒன்றுகூட நினைவில் இல்லை. எல்லாம் வரிசை மாறியதால் போனவை. இடம், குழி, மழை, கன்று. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. நிழல் விழும் இடத்தை முதலில் குறியுங்கள்

மரம் நிற்கும் இடத்தில் நிழல் நிற்பதில்லை. வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் மரத்தின் நிழல் மரத்தடியில்தான் கிடக்கும், வீட்டுச் சுவருக்கு ஒரு பயனும் இல்லை. வீட்டைச் சுடவைப்பது பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை மேற்குச் சுவரில் அடிக்கும் வெயில். ஆகவே வீட்டுக்கு நிழல் வேண்டுமானால் மரம் மேற்கே இருக்க வேண்டும். மேற்கில் இடம் இல்லையென்றால் வடமேற்கு. மே, ஜூன், ஜூலை மாதங்களில் சூரியன் சற்று வடக்கே சாய்ந்துதான் இறங்கும். தெற்குப் பக்கம் வைத்துவிட்டு, நான்கு வருடம் கழித்து ‘மரம் வளர்ந்தும் வீடு சுடுகிறதே’ என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு எளிய சோதனை உண்டு. ஏப்ரல் கடைசியில், பிற்பகல் மூன்றேகால் மணி அளவில், மரம் வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு பத்தடி மூங்கிலை நட்டு நிறுத்துங்கள். அந்த நேரத்தில் நிழலின் நீளம் மூங்கிலின் உயரம் அளவே இருக்கும். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று சுண்ணாம்பால் கோடு போடுங்கள். நாளை 20 அடி மரம் நின்றால் அதே கோட்டில் 20 அடி நீளும். கட்டில் போடும் இடமோ, வண்டி நிறுத்தும் இடமோ, சமையலறைச் சுவரோ அந்தக் கோட்டுக்குள் வருகிறதா என்று பார்த்தால் போதும்.

அப்புறம் தலைக்கு மேலே பாருங்கள். மின்கம்பிக்குக் கீழே வைத்தால், மரம் கம்பியைத் தொடும் வருடம் மின்வாரியத்தார் நடுக்கிளையை வெட்டத்தான் வருவார்கள். அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை. வீட்டுச் சுவரிலிருந்து 15 அடி, சுற்றுச்சுவரிலிருந்து ஆறேழு அடி, செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி இரண்டிலிருந்தும் 15 அடி தள்ளி வையுங்கள். புங்கன் ஆணிவேர் விட்டு ஆழமாக இறங்கும் மரம்தான். ஆனால் ஈரம் கசியும் தொட்டி பக்கத்தில் இருந்தால் எந்த மரத்தின் வேரும் அங்கேதான் போகும்.

30க்கு 40 மனையில் வீடு கட்டி மூன்றடி சந்து மட்டும் மிச்சம் வைத்திருப்பவர்கள், உள்ளே வைக்க வேண்டாம். தெருவில் எதிர்வீட்டுக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டு, உள்ளாட்சி அலுவலகத்தில் சொல்லிவிட்டு, வெளியே வையுங்கள்.

2. ஏன் புங்கன்

சுருக்கமாகச் சொல்கிறேன். நிழல் மரத்தை அதன் இலை உதிரும் மாதத்தை வைத்து மதிப்பிட வேண்டும். புங்கன் தை கடைசியிலும் மாசியிலும் இலையைக் கொட்டும். பங்குனியில் பளபளவென்று புது இலை விட்டுவிடும். வெயில் ஏறும்போது குடை தயார். மயில்கொன்றை (குல்மோகர்) அழகுதான், ஆனால் நிழல் வேண்டிய பங்குனி, சித்திரையில் மொட்டையாக நிற்கும், காற்றுக்கு ஒடியும். தூங்குமூஞ்சி மரம் புங்கனைவிட வேகமாக வளரும். ஆனால் அது பள்ளிக்கூட மைதானத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் ஏற்ற அளவு, வீட்டுக்கு அல்ல. வேம்பு நல்ல மரம், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இன்னொரு காரணம் தண்ணீர். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரின் லட்சணம் தெரியும். பக்கெட்டில் வெள்ளை படிந்துவிடும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் கழிவு இறங்கிய இடங்களில் உப்பு இன்னும் அதிகம். புங்கன் ஓரளவு உப்பைத் தாங்கும். ஆற்றோரத்தில் இயல்பாக வளரும் மரம் என்பதால் சில நாள் தண்ணீர் தேங்கினாலும், வேர் பிடித்துவிட்டால் வறட்சி வந்தாலும், சமாளித்துக்கொள்ளும்.

வேகம் எவ்வளவு என்று கேட்பார்கள். இரண்டடிக் கன்று, இங்கே சொல்லும் முறையில் தண்ணீர் கிடைத்தால், இரண்டு வருடத்தில் ஆளுயரம் தாண்டும். நான்கைந்து வருடத்தில் ஒரு கட்டில் போடும் அளவு நிழல் தரும். ‘ஒரே வருடத்தில் நிழல்’ என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம்.

3. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

கடப்பாரை, மண்வெட்டி, கூடை. இரண்டு கூடை நன்றாக மக்கிய தொழு உரம். ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கு. ஏழடி சவுக்குக் கழி இரண்டு. சணல் கயிறு அல்லது பழைய பருத்தித் துணி. வேலிக்கு முள் அல்லது கம்பிக் கூண்டு. பாத்தி மண்ணை மூடும் மூடாக்குக்கு ஒரு சாக்கு காய்ந்த சருகு.

தொழு உரம் மக்கியதா என்பதைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாணி வாடை வந்தாலோ, கை வைத்தால் சூடாக இருந்தாலோ மக்கவில்லை. பச்சைச் சாணி குழிக்குள் சூட்டைக் கிளப்பும். அதோடு வெள்ளைப் புழுவையும் கூட்டி வரும், அது இளம் வேரைக் கடித்துவிடும்.

யூரியா பட்டியலில் இல்லை என்று கவனித்திருப்பீர்கள். புங்கன் அவரைக் குடும்பத்து மரம். வேரில் முடிச்சு விட்டுக் காற்றிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜன்) தானே எடுத்துக்கொள்ளும். யூரியா போட்டால் தண்டு பருக்காமல் நெட்டையாக ஓடி, ஆடிக் காற்றில் சாயும்.

4. சித்திரையில் குழி எடுங்கள்

மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். ‘சின்னக் கன்றுக்கு இவ்வளவு பெரிய குழியா’ என்று தோண்ட வரும் ஆள் கேட்பார், கூலியும் கூடும். கொடுத்துவிடுங்கள். மொத்த வேலையிலும் காசு செலவழிக்க வேண்டிய ஒரே இடம் இதுதான்.

காரணம் நம் மண். மேலே ஒரு அடி செம்மண் இருக்கும். அதற்குக் கீழே சரளை, அதற்கும் கீழே பல இடங்களில் சுக்கான் கல் (ஒருவகைச் சுண்ணாம்புக் கல்) படிந்த இறுகிய தட்டு. ஒரு அடிக் குழியில் வைத்த கன்றின் ஆணிவேர் அந்தத் தட்டில் முட்டி வளைந்துவிடும். முதல் வருடம் மழை ஈரத்தில் செழிப்பாகத் தெரியும். முதல் கோடையில் மேல்மண் காய்ந்ததும், கீழே ஈரம் தேடிப் போக வழியில்லாமல் நிற்கும். பள்ளி வளாகத்தில் நாங்கள் வைத்த முதல் வரிசை இப்படித்தான் போனது. பிடுங்கிப் பார்த்தபோது வேர் கைத்தடியின் பிடிபோல வளைந்திருந்தது.

தோண்டும்போது மேல் ஒரு அடி மண்ணை ஒரு பக்கமும் கீழ்மண்ணைக் கற்களோடு மறுபக்கமும் போடச் சொல்லுங்கள். பிறகு பிரிக்க முடியாது. புதிதாக வீடு கட்டிய மனையாக இருந்தால் செங்கல் துண்டு, சிமெண்ட் கட்டி, பூச்சுக் காரை எல்லாம் வரும். அதில் ஒன்றுகூடக் குழிக்குத் திரும்பப் போகக் கூடாது.

இரண்டடியிலேயே பாறை தட்டினால்? கடப்பாரை ‘ணங்’ என்று சத்தமிட்டு நெருப்புப் பொறி பறந்தால் அது பாறை. இரண்டு மூன்று அடி தள்ளி இன்னொரு குழி போட்டுப் பாருங்கள். மந்தமாக ஒலித்து, செதில் செதிலாக உடைந்தால் சுக்கான். உடைத்துக்கொண்டே போகலாம்.

தோண்டிய குழியை ஒரு மாதம் வெயிலில் காய விடுங்கள். கரையான், புழு, பூஞ்சை எல்லாம் குறையும். குழந்தைகள், ஆடு மாடு விழாதபடி முள் போட்டு வையுங்கள்.

5. குழியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

பத்து நிமிட வேலைதான், ஆனால் பத்தில் ஒன்பது பேர் இதைச் செய்வதில்லை. மாலையில் குழியில் அரை அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் காலையில் வற்றியிருந்தால் சரி. அப்படியே நின்றால் அடியில் தட்டு இருக்கிறது. குழியின் நடுவில் கடப்பாரையால் இன்னும் ஒரு அடி குத்தி உடையுங்கள்.

உடைத்தும் வற்றவில்லை என்றால் களிமண். ஏரிக்குக் கீழே நெல் விளைந்த நிலத்தை மனையாகப் பிரித்த இடங்களில் இப்படி இருக்கும். அங்கே குழியை மண்ணோடு மணலும் கலந்து நிரப்பி, தரைக்கு மேல் ஒரு அடி மேடு போட்டு மேட்டின் உச்சியில் நடுங்கள். வேர் பிடித்த புங்கன் தேங்கும் நீரைத் தாங்கும். புதுக் கன்று தாங்காது.

அரை மணி நேரத்திலேயே தண்ணீர் காணாமல் போகிறதா? வெறும் சரளை. நிரப்பும்போது தொழு உரம் ஒரு கூடை கூடுதலாக வேண்டும்.

6. ஆனியில் நிரப்புங்கள்

மேல்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, பிறகு தோண்டிய கீழ்மண்ணைக் கல் பொறுக்கிச் சலித்து ஒரு பங்கு. வேப்பம் பிண்ணாக்கைக் கலந்துவிடுங்கள். கீழ்மண் எதற்கு என்று கேட்கலாம். குழி முழுவதும் உரமும் செழிப்பான மண்ணுமாக இருந்தால், வேர் அந்தத் தொட்டிக்குள்ளேயே சுற்றிக்கொண்டு வெளியே போகச் சோம்பல்படும். வெளிமண்ணின் ருசியும் கொஞ்சம் பழக வேண்டும்.

தரைமட்டத்துக்கு மேல் நான்கு விரல் உயரமாக நிரப்பி விட்டுவிடுங்கள். ஆனி, ஆடி மழையில் மண் அமுங்கி மட்டத்துக்கு வரும். நட்டபின் மண் அமுங்கினால் கன்றும் சேர்ந்து இறங்கி, தண்டின் கழுத்து, அதாவது தண்டும் வேரும் சேரும் இடம், மண்ணுக்குள் போய் அழுகும். நிரப்புவதற்கும் நடுவதற்கும் இடையே ஒரு மாதம் விடச் சொல்வது அதனால்தான்.

7. கன்று வாங்குவது

இப்போதுதான் நர்சரி. இரண்டு முதல் மூன்றடி உயரம், ஒரு வயதுக்குள் இருக்கும் கன்று போதும். எட்டடி உயரத்தில் பெரிய பையில் நிற்பதைப் பார்த்தால் ஆசை வரும். நானும் ஒருமுறை நான்கு வாங்கினேன். அவற்றின் வேர் பைக்குள் முறுக்கிக்கொண்டு கிடந்தது. ஒரு வருடம் அப்படியே நின்றன, பக்கத்தில் வைத்த இரண்டடிக் கன்றுகள் இரண்டாம் வருடத்தில் அவற்றைத் தாண்டிவிட்டன.

பார்க்க வேண்டியவை: தண்டு கழி துணையில்லாமல் நேராக நிற்க வேண்டும். நுனிக் குருத்து ஒடியாமல் இருக்க வேண்டும். கழுத்தருகே மண்ணை விரலால் விலக்கினால் வேர் கயிறுபோல் தண்டைச் சுற்றியிருக்கக் கூடாது.

இன்னொன்று, பையைத் தூக்கும்போது காதைக் கொடுங்கள். புங்கனின் ஆணிவேர் பையைத் துளைத்துத் தரைக்குள் போயிருக்கும். தூக்கும்போது ‘பட்’ என்று சத்தம் வந்தால் வேர் அறுந்தது. அந்தக் கன்று நட்ட மூன்றாம் நாள் வாடும், தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவீர்கள். வேறு கன்று இல்லை, அதையே எடுத்தாக வேண்டும் என்றால் வீட்டில் அரை நிழலில் இரண்டு வாரம் வைத்துத் தண்ணீர் தெளித்து, புதுக் குருத்து வந்தபின் நடுங்கள். சொல்லப்போனால் எல்லாக் கன்றுகளுக்குமே ஒரு வாரம் இப்படிச் செய்வது நல்லது. நர்சரியின் பச்சை வலைக்கு அடியிலிருந்து நேராக வெயிலுக்கு வந்தால் இலை கருகும்.

காசே செலவழிக்காத வழியும் இருக்கிறது. மாசி, பங்குனியில் புங்க மரத்தடியில் பழுப்பு நிறக் காய்கள் கிடக்கும். உடைத்தால் ஒன்றோ இரண்டோ விதை. சுருக்கம் விழாத, ஓட்டை இல்லாத விதையாகப் பொறுக்கி வையுங்கள். ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிரப்பிய குழியிலேயே ஆடியில் ஒரு அங்குல ஆழத்தில், படுக்கை வாட்டத்தில், மூன்று விதை போடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். நன்றாக வருவதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். ஆணிவேர் ஒருமுறைகூட அறுபடாத மரம் இப்படித்தான் கிடைக்கும். முதல் வருடம் மெதுவாகத் தெரியும், அவ்வளவுதான். விதையை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். முளைப்புத் திறன் போய்விடும். விதை கசப்பு, தின்னக் கூடாதது. குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. நடும் நாள்: ஆவணி, மாலை நேரம்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது விதைக்குச் சரி. கன்றுக்கு நான் ஆவணியைச் சொல்வேன். ஆடிக் காற்றில் வேர் பிடிக்காத கன்று ஆடி ஆடியே மண்ணில் பிடிப்பை இழக்கும். அதே நேரம் ஐப்பசி வரை காத்திருப்பதும் நஷ்டம். வேலூர்ப் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் கணிசமாகக் கிடைக்கிறது. ஆவணியில் வைத்தால் அந்த மழையின் கடைசிப் பகுதியும், பிறகு வடகிழக்குப் பருவமழை முழுவதும் சேரும். கோடை வருவதற்குள் ஆறு மாதம் வேர் இறங்கியிருக்கும்.

நடும் வரிசை இதுதான். காலையில் பையோடு கன்றைத் தண்ணீரில் நனையுங்கள், மண் கட்டி உதிராமல் இருக்கும். மாலையில், குழியின் நடுவில் பை அளவுக்குச் சின்னக் குழி எடுங்கள். பிளேடால் பையின் அடியை ஒரு விரல் தடிமனுக்கு வெட்டி எடுத்துவிடுங்கள், சுருண்ட வேர் அதோடு போகும். பிறகு பக்கவாட்டில் நீளமாகக் கிழித்து, கன்றைக் குழியில் இறக்கியபின் பையை உருவுங்கள். தண்டைப் பிடித்துத் தூக்காதீர்கள், மண் கட்டியைத் தாங்கித் தூக்குங்கள்.

பையைக் கிழிக்காமலே நட்ட கன்றுகளை நான் தோண்டி எடுத்திருக்கிறேன். விழா நாளில் வைத்தவை. படம் எடுக்கும் அவசரத்தில் பையைப் பற்றி யாருக்கும் நினைவில்லை. மூன்று வருடம் உயிரோடு இருந்தன, மூன்றடிக்கு மேல் வளரவில்லை.

பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம்தான் தரையிலும். ஆழமாக வைத்தால் ஈரம் நிற்கும் என்பது தப்புக் கணக்கு. கழுத்துப் பட்டை அழுகும். மண்ணைக் கையால் அமுக்குங்கள், காலால் ஓங்கி மிதிக்க வேண்டாம். உடனே ஒரு பக்கெட் தண்ணீர் மெதுவாக விடுங்கள். தாகத்துக்காக மட்டும் இல்லை. வேருக்கும் மண்ணுக்கும் இடையே இருக்கும் காற்றுப் பைகள் அதில் அமுங்கும்.

9. முட்டும் வேலியும் அன்றைக்கே

நாளைக்கு என்று விட்டால் இன்றிரவே ஆடு வந்துவிடும். புங்க இலையை மாடு அவ்வளவாக விரும்பாது, ஆனால் உடம்பு உரசும். ஆடு குருத்தைக் கடிக்கும். வேலிகாத்தான் (சீமைக் கருவேலம்) முள்ளை இரண்டடி தள்ளி வட்டமாகக் கட்டினால் போதும். தெருவோரமாக இருந்தால் கம்பிக் கூண்டு.

சவுக்குக் கழிகளை வேர்க்கட்டியைக் குத்தாமல் இரண்டு பக்கமும் நட்டு, சணலால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள். கன்று கொஞ்சம் ஆட வேண்டும். ஆடினால்தான் தண்டு பருக்கும். கட்டுக்கம்பி கூடவே கூடாது. ஒரு வருடத்தில் பட்டைக்குள் புதைந்து, அந்த இடத்தில் தண்டு ஒடியும். கழியை ஒரு வருடம் கழித்து எடுத்துவிடுங்கள்.

10. தண்ணீர்: இரண்டு கோடைகள்

மரம் பிழைப்பதும் போவதும் இங்கேதான். முதல் இரண்டு கோடையைக் கடந்துவிட்டால் பிறகு புங்கன் உங்களை அதிகம் கேட்காது.

பொதுவாகச் செய்யும் தவறு, தினமும் ஒரு சொம்பு ஊற்றுவது. அன்பாகத் தோன்றும். ஆனால் மேல் மூன்று அங்குலம்தான் நனையும். ஈரம் அங்கேயே கிடைப்பதால் வேர் மேலேயே பரவும். மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில், அந்த மூன்று அங்குலம் மதியத்துக்குள் காய்ந்துவிடும். நீங்கள் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் ஊருக்குப் போனால் கதை முடிந்தது. இடைவெளி விட்டு, நிறைய, மெதுவாக ஊற்றினால் ஈரம் இரண்டடிக்குக் கீழே இறங்கும். வேர் அதைத் துரத்திக்கொண்டு போகும்.

என் கணக்கு இது. நட்ட முதல் இரண்டு வாரம், மழை இல்லையென்றால், ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு பக்கெட். அதன்பின் கார்த்திகை வரை, ஒரு வாரம் மழை ஏமாற்றினால் மட்டும். மார்கழி முதல் மாசி வரை ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒன்றரை பக்கெட். பங்குனியிலிருந்து வைகாசி வரை மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு பக்கெட். இரண்டாம் கோடையில் வாரம் ஒருமுறை நான்கு பக்கெட். மூன்றாம் கோடையில் மாதம் இரண்டுமுறை. சரளை மண்ணில் இடைவெளியைக் கொஞ்சம் குறையுங்கள், களிமண்ணில் கூட்டுங்கள். சந்தேகம் வந்தால் பாத்தி ஓரத்தில் ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். ஒரு சாண் ஆழத்தில் மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

எங்கே ஊற்றுவது என்பதும் முக்கியம். தண்டின்மேல் அல்ல. தண்டைச் சுற்றி ஒரு சின்ன மேடு, அதற்கு வெளியே வட்டப் பாத்தி. பாத்தியில்தான் தண்ணீர். கன்று வளர வளர ஒவ்வொரு ஆடியிலும் பாத்தியை ஒரு அடி வெளியே தள்ளுங்கள். உறிஞ்சும் வேர்கள் கிளை விரிந்த அளவுக்கு வெளியே போயிருக்கும்.

சரிவான இடமாக இருந்து தண்ணீர் ஓடிவிடுகிறது என்றால், இரண்டடி நீளப் பிவிசி குழாயில் கீழ்ப்பாதி முழுக்க ஓட்டை போட்டு, கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளிச் செங்குத்தாகப் புதையுங்கள். உள்ளே ஜல்லி நிரப்பி அதில் தண்ணீர் ஊற்றினால் நேராகக் கீழே போகும். வாயை ஒரு கல்லால் மூடுங்கள், இல்லையென்றால் கொசு.

ஆர்ஓ இயந்திரத்தின் கழிவு நீரை விடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். புங்கனுக்கு விடலாம். ஆனால் அதையே நம்பியிருக்கக் கூடாது. இரண்டு முறை அது என்றால் ஒரு முறை நல்ல தண்ணீர். மழைக்காலத்தில் அறவே நிறுத்திவிடுங்கள், சேர்ந்த உப்பை மழை கழுவி இறக்கட்டும். துணி அலசிய கடைசித் தண்ணீரும் சரி. சோப்புப் பொடி ஊறிய முதல் தண்ணீரும் பிளீச்சிங் கலந்ததும் வேண்டாம்.

11. மூடாக்கு

தண்ணீர் ஊற்றும் வேலையில் கணிசமான பகுதியை இது குறைக்கும். பாத்தி முழுவதும் நான்கு அங்குல உயரத்துக்குச் சருகு. குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கம் கரும்புச் சோகை கிடைக்கும். மல்லாட்டை (நிலக்கடலை) உடைக்கும் இடங்களில் தோல் சாக்குக் கணக்கில் கிடைக்கும். எதுவும் இல்லையென்றால் தென்னை மட்டையை நறுக்கிப் போடலாம்.

தண்டைச் சுற்றி அரை அடி வெற்றிடம் விடுங்கள். செம்மண்ணில் கரையான் இல்லாத இடம் கிடையாது. காய்ந்த சருகு தண்டைத் தொட்டால் அதன் வழியாக மண்பூச்சு ஏறும். ஏறியிருந்தால் தேய்த்து உதிர்த்துவிட்டு, பாத்தியில் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கைக் கிளறிவிட்டுத் தண்ணீர் விடுங்கள்.

12. தை மாதத்தில் பயப்படாதீர்கள்

வருடா வருடம் இந்தக் கேள்வி எனக்கு வரும்: ‘அண்ணா, மரம் காய்ந்துவிட்டது, எல்லா இலையும் மஞ்சளாகி விழுகிறது.’ புங்கன் இலை உதிர்க்கும் காலம் அது. சிலர் பயந்துபோய்த் தினமும் தண்ணீரைக் கொட்டுவார்கள், சிலர் பிடுங்கியே எறிந்துவிடுவார்கள்.

தண்டில் நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே கீறுங்கள். அடியில் பச்சை இருந்தாலும் போதும், பங்குனியில் துளிர்க்கும். தண்ணீர் அட்டவணையை மாற்ற வேண்டாம். விழுந்த இலையைக் கூட்டி எரிக்காமல் பாத்தியிலேயே போடுங்கள், அருமையான தழை உரம்.

13. கிளை கழிப்பது

புங்கன் தானாக விட்டால் இடுப்புயரத்திலேயே கிளை விரித்துப் புதர்போல் நிற்கும். அடியில் ஆள் நடமாட வேண்டும் என்றால் ஏழெட்டு அடி வரை தண்டு தெளிவாக இருக்க வேண்டும். இதில் அவசரம்தான் எதிரி.

முதல் வருடம் எதையும் வெட்டாதீர்கள். கீழ்க்கிளையின் இலைகள்தான் தண்டைப் பருக்க வைக்கின்றன. அவற்றை நீக்கினால் மேலே மட்டும் தலை கனத்துத் தண்டு வளையும். இரண்டாம் வருடம் இரண்டரை அடி வரை, மூன்றாம் வருடம் ஐந்தடி வரை, நான்காம் வருடம் ஏழெட்டு அடி. ஒரு தடவையில் மொத்த இலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. விதிவிலக்கு ஒன்றுண்டு: நுனியில் இரண்டு குருத்து போட்டியாக ஓடினால், எந்த வருடமாக இருந்தாலும் பலவீனமானதைக் கிள்ளிவிடுங்கள். விட்டால் கவைபோல் வளர்ந்து பத்து வருடம் கழித்துப் பிளக்கும்.

வெட்டும் காலம் ஆனி. கோடை முடிந்துவிட்டதால் திறந்த பட்டை வெயிலில் வெடிக்காது, அடுத்து வரும் மழை மாதங்களில் காயம் மூடிக்கொள்ளும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு தடித்த வளையம் தெரியும். அந்த வளையத்தை விட்டுவிட்டு அதை ஒட்டி வெட்டுங்கள், காயத்தை மூடும் தசை அதில்தான் இருக்கிறது. முழங்கை நீளத்துக்குக் குச்சியை விட்டு வெட்டினால் அது அழுகி உள்ளே போகும். கனமான கிளையை முதலில் ஓரடி தள்ளிக் கீழ்ப்பக்கம் கால்வாசி அறுத்துவிட்டு, பிறகு மேலிருந்து அறுங்கள், மிஞ்சும் குச்சியைக் கடைசியில் வளையத்தை ஒட்டி எடுங்கள். இப்படிச் செய்யாவிட்டால் கிளை விழும்போது பட்டையைக் கீழ்வரை உரித்துக்கொண்டு போகும். தார், பெயிண்ட் எதுவும் பூச வேண்டாம்.

மரத்தை மொட்டையடித்தால் அடர்த்தியாக வரும் என்று ஒரு நம்பிக்கை. வரும். ஒரே இடத்திலிருந்து பத்துக் கிளை, ஒன்றுக்கும் சரியான பிடிமானம் இல்லாமல் வரும்.

14. பூச்சி

இலையில் விரல் விரலாக முடிச்சு நின்றால் அது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேனின் வேலை. பார்க்க அசிங்கமாக இருக்கும், மரம் சாகாது. இலையில் வெள்ளைக் கோடு கிறுக்கியிருந்தால் இலைக்குடையும் புழு. இரண்டுக்கும் மருந்து அடிக்க வேண்டாம். சின்னக் கன்றாக இருந்தால் அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள்.

15. நான்காம் வருடத்தில் இரண்டு வேலை

கூண்டை எடுங்கள். தண்டு அதைத் தொட்ட பிறகு எடுக்க முயன்றால் கம்பியை அறுக்க வேண்டிவரும். நல்ல நிலையில் எடுத்தால் அடுத்த கன்றுக்கு ஆகும்.

இரண்டாவது, அடியைச் சிமெண்டால் மூட விடாதீர்கள். தெருவுக்குக் கான்கிரீட் சாலை போடும்போது தண்டை ஒட்டிக் கலவையைக் கொட்டிவிட்டுப் போவார்கள். நான்கு வருடம் சுமந்த தண்ணீர் அத்தனையும் வீணாகும், மழை நீர் ஒரு சொட்டு உள்ளே போகாது. வேலை தொடங்கும் முதல் நாளே மேஸ்திரியிடம் பேசி, மரத்தைச் சுற்றி நாலுக்கு நாலு அடி செங்கல் அடுக்கி இடம் பிடித்து வையுங்கள். சொல்லிவிட்டு வந்தால் போதாது, கலவை வண்டி வரும் அன்று பக்கத்தில் நில்லுங்கள்.